கர்ப்பிணிக்கு இனிப்புநீர் என்று சொல்லிவிட்டால்



பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையில் உள்ள பத்து காவான் என்ற ஊரின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2014-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் கரை சேருகிறது. இன்று அங்கே தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்து நிற்கின்றன. ஆனால் நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் அது கரும்பு விளைந்த மண். வெல்லெஸ்லி மாநிலம் என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்டிருந்த அந்தப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், கரும்பு வெட்டவும் ஆலையில் சாறு காய்ச்சவும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1910-இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே கரும்பும் போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. கரும்பு வெட்டியவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் இன்று கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சீனி இருக்கிறது" என்று கேட்டுவிட்டுக் கலங்கிப்போய் வீடு திரும்புகிறார்கள். இது தற்செயலான ஒற்றுமைதான். இருந்தாலும் மனத்தில் தைக்கிறது.

கர்ப்ப காலத்தில் தோன்றும் இந்த இனிப்புநீரைப் பற்றியும், அது வந்துவிட்டால் வீட்டில் இருந்தபடியே ஒரு பெண் தன்னை எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதைப் பற்றியும் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். கர்ப்பிணிகள் மட்டும் கேட்டால் போதாது. வீட்டில் சோறு வடிக்கிறவர்கள், சாமான் வாங்கி வருகிறவர்கள், மாமியார்மார்கள், கணவன்மார்கள் எல்லாரும் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வைத்தியத்தில் பாதிக்குமேல் அடுப்படியில்தான் நடக்கிறது.

முதலில் மாமியார்களின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "நாங்களெல்லாம் ஐந்து பெற்றோம், ஆறு பெற்றோம். எந்த மெஷினில் குத்திப் பார்த்தோம்? இந்தக் காலத்துப் பெண்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வியாதி?" இது நியாயமான கேள்வி. விடிவதற்குமுன் பிரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்பு அது. பதினெட்டு இருபது வயதில் முதல் பிள்ளை. வீட்டில் சீனி அளந்துதான் போடுவார்கள். இன்றைய மருமகள் இருபத்தெட்டு முப்பது வயதில் முதல் பிள்ளை சுமக்கிறாள். தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. பாக்டரிப் பேருந்து வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்குகிறது. வயது கூடுவதும், எடை கூடுவதும், உடம்பு அசையாதிருப்பதும் இந்த நோய்க்குக் கதவு திறந்துவிடுகின்றன. போதாததற்கு இந்திய வம்சத்தவருக்கு இனிப்புநீர் எளிதில் வரும் இயல்பும் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இது இல்லவே இல்லை என்பதல்ல; யாரும் அளந்து பார்க்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஓ'சல்லிவன் என்பவர் கர்ப்பிணிகளின் இரத்தச் சர்க்கரைக்கு அளவுகோல் வகுத்ததே 1964-இல்தான். அதற்குமுன் லயத்து வீட்டில் பிள்ளை பெரிதாக இருந்து பிரசவம் தடைப்பட்டபோதும், நிறை மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை அசைவு நின்றபோதும், கண்ணேறு என்றும் விதி என்றும் சொல்லி அழுதுவிட்டு ஆறினார்கள். அவற்றில் எத்தனை இந்த நோயினால் நேர்ந்தவை என்று இனி யாரும் கண்டறிய முடியாது.

சரி, இது எப்படி வருகிறது? நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பழம் எல்லாம் வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகின்றன. அந்தச் சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் நுழைய இன்சுலின் என்னும் சுரப்புநீர் வேண்டும். அது கணையத்தில் ஊறுகிறது. கர்ப்பத்தில் நஞ்சு வளர வளர, அதிலிருந்து சில சுரப்புநீர்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. பிள்ளைக்கு எப்போதும் தீனி கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்காக அவை தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்திவிடுகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பெரும்பாலானவர்களின் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. சிலருடைய கணையத்தால் அவ்வளவு முடிவதில்லை. அப்போது சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. இதுதான் கர்ப்பகால இனிப்புநீர். அந்தப் பெண் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. "அதிகமாக இனிப்புத் தின்றாய், அதனால்தான்" என்று அவளைக் குத்திக் காட்டுவது தவறு. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது பெரிய பாரம்.

தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சின் வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஆனால் தாயின் இன்சுலின் போகாது. ஆகவே மிகுதியாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்க, வயிற்றுப் பிள்ளையின் சின்னஞ்சிறு கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. இதை டென்மார்க் நாட்டு மருத்துவர் பெடர்சன் 1950-களிலேயே எடுத்துக் கூறினார். இன்சுலின் மிகுந்தால் பிள்ளை கொழுக்கும். குறிப்பாகத் தோளும் வயிறும் பருக்கும். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான் வருகிறது. பிறந்து கொப்பூழ்க்கொடி அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோகிறது. ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே அடங்குவதில்லை. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளையின் சர்க்கரை மிகவும் இறங்கிப்போகலாம். மஞ்சள் காமாலையும் மூச்சுத் திணறலும்கூட வரலாம். "நாலரைக் கிலோ பிள்ளை, ராஜா மாதிரி இருக்கிறான்" என்று நாம் பூரித்துப்போகிறோம். மருத்துவர் உடனே அவன் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள ஆயிரம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவு ஆலோசனையும், சர்க்கரை அளக்கும் பயிற்சியும், தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலினும் கொடுத்தார்கள்; மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2005-இல் முடிவு வெளியானது. பிள்ளைக்குக் கடுமையான கேடு நேர்ந்தது வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு நான்கு. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒன்று. அந்தச் சிகிச்சையில் பெரும் பங்கு அந்தப் பெண்களே தங்கள் வீட்டில் செய்துகொண்ட காரியங்கள்தான்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு எல்லாம் சாதாரணக் கர்ப்பத்திலும் உண்டு. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பதும் இங்கே உதவாது. கர்ப்பத்தில் சிறுநீரகம் தானாகவே கொஞ்சம் சர்க்கரையைக் கசிய விடும். நோயில்லாதவளுக்குச் சிறுநீரில் சர்க்கரை காட்டலாம், நோயுள்ளவளுக்குக் காட்டாமலும் போகலாம். இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். இங்கே நம் சுகாதார நிலையங்களில், இரவு முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் காலையில் வரச் சொல்லி இரத்தம் எடுக்கிறார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலோ தாண்டினாலோ கர்ப்பகால இனிப்புநீர் என்று முடிவு செய்கிறார்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள், எடை கூடியவர்கள், முன்பு பெரிய பிள்ளை பெற்றவர்கள் ஆகியோருக்கு முதல் வருகையிலேயே இந்தச் சோதனை. அதில் சரியாக இருந்தாலும் 24-ஆம் வாரத்திலிருந்து 28-ஆம் வாரத்திற்குள் மறுபடியும் செய்வார்கள். நஞ்சின் சுரப்புநீர்கள் ஓங்கத் தொடங்கும் காலம் அது. "போன தடவை இல்லை என்றார்களே" என்று இரண்டாவது சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். குடித்ததை வாந்தி எடுத்துவிட்டால் தாதியிடம் சொல்லிவிடுங்கள்; இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் கென்டீனுக்குப் போய் ஒரு கறிபாப் வாங்கித் தின்றுவிட்டு வந்தால், அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும்.

ஊரில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. "அங்கே என் தங்கைக்கு 140 என்றார்கள், எனக்கு 7.8 என்கிறார்கள், எனக்குக் குறைவுதானே?" இரண்டும் ஒன்றுதான். அளக்கும் அலகு வேறு. இங்கத்திய எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்கத்திய எண் வரும். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா இதற்காகவே பல்லாண்டுகள் பாடுபட்டவர். பட்டினியாக வரச் சொன்னால் ஏழைப் பெண்கள் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வருவதில்லை என்று கண்டு, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்த அன்றே குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்ற முறையை அவர் பரப்பினார். இந்தியாவில் அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலியின் அருமை தெரிந்த மருத்துவர் வகுத்த முறை அது. தோட்டத்தில் பிறந்த நமக்கு அதன் நியாயம் உடனே புரியும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் வீட்டில் சண்டை வரும். ஆகையால் சற்று விரிவாகவே பேசுகிறேன்.

"வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பார்கள். அப்படி வேண்டியதில்லை. அதே சமயம், நோய் என்று கேட்ட பயத்தில் சோற்றையே விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அதுவும் கூடாது. பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்புக் கரைந்து, கீட்டோன் என்னும் கழிவு இரத்தத்தில் சேரும். அது பிள்ளைக்கு நல்லதல்ல. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சமைத்த சாதம் ஒரு கோப்பையில் சுமார் 45 கிராம் இருக்கிறது. ரொட்டி ஒரு துண்டில் சுமார் 15 கிராம். ஒரு கோப்பைச் சாதமும் மூன்று துண்டு ரொட்டியும் ஒரே கணக்கு. ஆகவே சோறு உண்டு. ஆனால் தட்டில் குவித்துப்போடும் சோறு இல்லை. தேவையான மாவுச்சத்தை ஒரே வேளையில் கொட்டாமல், மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிறு தீனியுமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலில் நீர் சீராக ஓடினால் பாத்தி நனையும். மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வரப்பு உடையும். அதே கதைதான்.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு தட்டுப்படம் காட்டுகிறது. தட்டில் கால் பங்கு சோறு; கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு; மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நமக்குப் பழம் சற்றுக் குறைவாகவும் காய் கூடுதலாகவும் இருந்தால் நல்லது. இதற்காகத் தனிச் சமையல் வேண்டியதில்லை. கெம்போங் மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கங்கோங், பயற்றங்காய், தவு, தெம்பே, நெத்திலி, பருப்பு எல்லாம் நம் வீட்டில் இருப்பவைதான். குழம்பில் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் குறைத்து, உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் வைத்தால் போதும். முதலில் கீரையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொடுங்கள். சர்க்கரை ஏறுவது சற்று நிதானப்படும். "சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஐந்து சப்பாத்தி வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. சோறாக இருந்தாலும் சப்பாத்தியாக இருந்தாலும் அளவுதான் பேசும்.

காலைப் பசியாறுதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் உடம்பில் வேறு சில சுரப்புநீர்கள் மேலோங்கி நிற்பதால், அந்த நேரத்தில் இன்சுலின் இன்னும் மந்தமாக வேலை செய்கிறது. மத்தியானம் தாங்கும் அளவு மாவைக் காலையில் உடம்பு தாங்காது. பலருக்குப் பசியாறிய பிறகு பார்க்கும் எண்தான் எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்கும். நாம் பசியாறுவது எப்படி? இரண்டு ரொட்டி சானாய், அல்லது ஒரு பொட்டலம் மீகூன், கூடவே டின்பால் ஊற்றிய தேத்தண்ணி. மாவின்மேல் மாவு, அதன்மேல் சீனி. அந்த டின்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை; ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் இரண்டு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். தே தாரிக் போடுகிறவர் எத்தனை கரண்டி ஊற்றுகிறார் என்பதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றியே எண்கள் இறங்கிய பெண்கள் உண்டு. சீனி போடாத தேத்தண்ணி, ஓர் அவித்த முட்டை, ஒரு தோசை அல்லது இரண்டு சிறு இட்லி, சாம்பாரில் நிறையக் காய். இரண்டு மணி நேரம் கழித்துப் பசித்தால் ஒரு சிறு தீனி. மைலோவும் சத்துப் பானம் என்ற பெயரில் சீனியைச் சேர்த்தே கொண்டுவருகிறது. ரோஸ் சிரப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளைச் சீனிதான் கெட்டது, கருப்பட்டியும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் குலா மலாக்காவும் உடம்புக்கு நல்லவை என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இரத்தத்துக்குள் போனபின் எல்லாம் ஒன்றே. பழம் வேண்டும், ஒரு வேளைக்கு ஒன்று, சிறிய அளவில், கடித்துச் சாப்பிட வேண்டும். பிழிந்து குடித்தால் மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை ஒரு மிடறில் உள்ளே போய்விடும். டுரியான் காலத்தில் ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்ளும் மனவுறுதி இருந்தால் ஒரு சுளை சாப்பிடலாம். இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாதிருப்பதே மேல். பாகற்காயைக் கறியாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், நல்லதுதான்; மருந்துக்குப் பதில் என்று சாறு பிழிந்து குடிக்காதீர்கள். வேர், பட்டை, தூள் என்று யார் கொடுத்தாலும் கர்ப்பத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை விரதமும் வேண்டாம், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு. வேண்டுதலைப் பிள்ளை பிறந்தபின் செலுத்திக்கொள்ளலாம்.

வளைகாப்பு வரும். ஐந்து வகைச் சாதம் கட்டுவார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். தடுத்தால் மனத்தாங்கல். முன்கூட்டியே ஒரு பெரியவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, வளையலை எல்லாரும் போடட்டும், ஊட்டுவதை நெருங்கிய இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. இதை மருமகள் தன் வாயால் சொல்ல முடியாது; மாமியார் சொன்னால்தான் எடுபடும்.

சாப்பிட்ட பிறகு நடங்கள். ஒவ்வொரு வேளைக்கும் பின் பத்துப் பதினைந்து நிமிடம், வாசலில், தாமான் தெருவில், மழையாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே. தசை அசையும்போது சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் காரியம் நடக்கும். சாப்பிட்டதும் படுத்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் மூச்சிரைக்க நடப்பதைவிட இது மேல். இரத்தப்போக்கு உள்ளவர்களும், நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களும், முன்கூட்டியே வலி கண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

இரவு ஷிப்டு வேலை பார்க்கும் பெண்கள், பத்து காவான் பக்கத்தில் இப்படிப் பலர் இருக்கிறார்கள், "எனக்கு எது காலை, எது இரவு?" என்று கேட்பார்கள். நீங்கள் தூங்கி எழும் நேரமே உங்களுக்குக் காலை. அங்கிருந்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வேலைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு டப்பாவில் அவித்த கடலையோ முட்டையோ இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டியோ எடுத்துப் போங்கள். அகால வேளையில் கென்டீனில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இனிப்பும் வறுவலும்தான். இன்சுலின் போடுகிறவர்கள் தங்கள் ஷிப்டு மாறும் விவரத்தைக் கிளினிக்கில் சொல்லாமல் விடக்கூடாது.

அடுத்து, அளந்து பார்ப்பது. விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷினை வைத்து வீட்டிலேயே அளக்கலாம். மெஷின் இல்லாதவர்களை ஒரு நாள் குறித்து வரச் சொல்லி, காலையிலிருந்து பல முறை குத்திப் பார்க்கிறார்கள், பி.எஸ்.பி. என்று தாதிமார் சொல்வது அதைத்தான். பொதுவாக எட்ட வேண்டிய அளவு இது: சாப்பிடும் முன் 5.3-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குள், இரண்டு மணி நேரத்தில் 6.7-க்குள். உங்களுக்கென்று மருத்துவர் வேறு எண் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நேரத்தை முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து கணக்கிட வேண்டும். குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மெஷின் பழத்துச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும்.

எண்ணை மட்டும் எழுதாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வாரம் எழுதிவிட்டுப் பார்த்தால், உங்கள் உடம்பு எதைத் தாங்குகிறது, எதைத் தாங்கவில்லை என்பது எந்த மருத்துவரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். ஒருத்திக்கு இட்லி ஒத்துக்கொள்ளும், இன்னொருத்திக்கு ஒத்துக்கொள்ளாது. சிலர் பி.எஸ்.பி.க்கு முந்தின நாளும் அன்றும் மட்டும் அரை வயிறு சாப்பிட்டு நல்ல எண் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். திட்டு வாங்கப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் தாதியை ஏமாற்றலாம், வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஏமாற்ற முடியாது. மீதி நாட்களின் சர்க்கரை அதற்குத்தான் போய்ச் சேருகிறது.

இரண்டொரு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்தும் எண்கள் இறங்கவில்லை என்றால் மருந்து தொடங்குவார்கள். மெட்போர்மின் மாத்திரையாக இருக்கலாம், இன்சுலின் ஊசியாக இருக்கலாம். இன்சுலின் என்றதும் பலர் அழுதுவிடுகிறார்கள். "ஊசி போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும், பிள்ளைக்கும் போய்விடும்" என்கிறார்கள். இரண்டும் தவறு. முன்பே சொன்னேன், இன்சுலின் நஞ்சைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் பெரும்பாலோருக்கு ஊசியின் தேவை அன்றே முடிந்துவிடுகிறது. வாரம் ஏற ஏற அளவைக் கூட்டினால் நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம். நஞ்சு வளர்கிறது, அதற்கேற்ப மருந்து கூடுகிறது, அவ்வளவுதான். வயிற்றுத் தோலை மடித்துப் போடும் அந்த ஊசி பிள்ளை இருக்கும் ஆழத்துக்கு எட்டவே எட்டாது. திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டால் அது கெட்டுப்போகும்.

ஊசி போடுகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும், மனம் பதறும். மெஷினில் 4-க்குக் கீழே காட்டும். அப்போது யோசிக்காமல் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறியபின் சாப்பிட வேண்டும். மயங்கி விழுந்தவள் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதைக் கணவரும் வீட்டிலுள்ள மூத்த பிள்ளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஏழு மாதத்திற்குப் பிறகு பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லி அட்டை கொடுப்பார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து எண்ணத் தொடங்கி, பத்து அசைவு வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வரவில்லை என்றால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தாற்போல் தோன்றினால் இரவு வரையும் காத்திருக்க வேண்டாம். விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். இதில் மட்டும் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருடைய யோசனையையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிரசவத்தை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 40 வாரத்திற்குமேல் நெடுநாள் காத்திருக்க விடமாட்டார்கள். நாள் குறித்து வலி வரவைப்பதும் உண்டு. பிள்ளை பிறந்ததும் முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுங்கள். பிள்ளையின் சர்க்கரை இறங்காமல் காக்க அதுவே முதல் மருந்து. சேனை வைக்கிறோம் என்று தேனையோ சீனித் தண்ணீரையோ நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் பிள்ளைக்கு நஞ்சாகவும் ஆகலாம். பந்தாங் காலத்து லேகியத்தில் கருப்பட்டி எவ்வளவு சேருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்புவார்கள். ஆனால் கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டார்கள். அது அடுத்த வருடமும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். ஆகவே பிரசவமாகி ஆறாவது வாரத்தில் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரை இன்னொரு முறை குடிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த ஆறாவது வாரச் சோதனையைத்தான். கைப்பிள்ளை, தூக்கமின்மை, கூட்டிப்போக ஆளில்லை என்று காரணங்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள் என்று சட்டம் ஆகியிருக்கிறது. ஆறாவது வாரம் அந்த விடுமுறைக்குள்ளேயே வந்துவிடும், சம்பளம் போகாது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் அட்டையின் மேல் அந்தத் தேதியை இப்போதே எழுதி வையுங்கள். அன்று காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள் என்பதையும் வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.